நானே வரைந்த பெட்டி

இ.சி.ஜி. தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி வடிவம் இருக்கும். உயரம் 10 மில்லிமீட்டர், அகலம் 5 மில்லிமீட்டர். நோயாளிகள் அதைக் கவனிப்பதில்லை. கருவிக்குள் 1 மில்லிவோல்ட் கொடுத்தால் கோடு 10 மில்லிமீட்டர் ஏற வேண்டும், ஏறிய உயரத்தில் நிற்க வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். இந்தத் தாளிலுள்ள மற்றக் கோடுகளை நம்பலாம் என்பதற்கு அந்தப் பெட்டிதான் சாட்சி. நான் செய்த கருவியில் அது பொய்ச்சாட்சி. உள்ளே எந்த மில்லிவோல்ட்டும் போகவில்லை. தாளில் பெட்டி வரையும்படி புரோகிராமில் நான்கைந்து வரிகள் எழுதியிருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

கோரிமேட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது என் பட்டறை. பட்டறை என்றால் ஒரு மேசை, ஒரு பழைய ஆஸிலோஸ்கோப், சால்டரிங் நாற்றம். கோரிமேடு என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ஜிப்மர்தான். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி அதன் வேர். ஜிப்மர் என்ற பெயர் 1964இல் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி 2008இல். திண்டிவனம் சாலையில் கொஞ்சம் நடந்தால் பட்டானூர், அதாவது தமிழ்நாடு. காலையில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பஸ்களிலிருந்து இறங்குகிறவர்கள் கையில் மஞ்சள் பையும் அதற்குள் பிளாஸ்டிக் ஃபைலும் இருக்கும். சிலர் இ.சி.ஜி. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். தெர்மல் தாள், வியர்வை பட்டுப் பாதிக் கோடு மங்கியிருக்கும்.

அவர்களை ஜன்னலிலிருந்து பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஊரிலேயே ஒரு சின்னக் கருவி இருந்து, அங்கே எடுத்த இ.சி.ஜி.யை இங்கே அனுப்பினால் என்ன? புது யோசனை இல்லை. கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் குழுவினரும் தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். அந்த ஆய்வு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கருவி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

எல்லாம் உள்ளே வைத்த சிப் கடையில் கிடைத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏ.டி.எஸ். 1298 என்ற சிப்பில் 8 சேனல், ஒவ்வொன்றுக்கும் 24 பிட் மாற்றி, ஆம்ப்ளிஃபயர், வலது கால் எலக்ட்ரோடுக்கான சர்க்யூட் வரை எல்லாமே உண்டு. அதை வாங்கியிருந்தால் இதை எழுதும் அவசியம் வந்திருக்காது. எனக்குச் சொந்தச் சர்க்யூட் வேண்டியிருந்தது. பத்துப் பேரிடம் காட்டி, முழுக்க நான் போட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.

சர்க்யூட்டின் முன்பக்கம் நன்றாகவே அமைந்தது. இதை வீம்புக்குச் சொல்லவில்லை. பிற்பாடு நடந்ததற்கு அந்த மிதப்பும் ஒரு காரணம். தோலின் மேல் இதயத்தின் மின்னழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட். அதே உடம்பின் மேல் சுற்றியுள்ள 230 வோல்ட் வயர்களிலிருந்து ஒட்டிக்கொண்ட 50 ஹெர்ட்ஸ் அதைவிடப் பல நூறு மடங்கு இருக்கலாம். இதயத்தை மட்டும் பிரித்தெடுப்பது, லாரியை டிரைவரோடு எடைமேடையில் ஏற்றி, பிறகு டிரைவரை இறக்கி மறுபடி எடைபோட்டு, அவர் எடையைக் கண்டுபிடிப்பதுபோல. எடைமேடை துளி பிசகினாலும் டிரைவர் காணாமல் போவார். இதில் தப்பிக்க வழி, இரண்டு இடங்களில் தொட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. 1900களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் உடலியல் பேராசிரியர் ஐந்தோவன் நோயாளிகளின் கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து அளந்ததும் இந்த வித்தியாசத்தைத்தான். முதல் லீடு என்பது இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள வித்தியாசம். அதில் இன்றுவரை மாற்றமில்லை. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டு கைகளிலும் பொதுவாக இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாத இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரை நான் போட்டிருந்தேன். ஸ்கோப்பில் முதல்முறை என் இதயம் தெரிந்தபோது வீட்டுக்கு போன் செய்து சொன்னேன்.

அடுத்தது ஏ.டி.சி. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப், அதாவது மாற்றி. நான் வாங்கியது 18 பிட், 4.096 வோல்ட் ரெஃபரென்ஸ். அதற்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு உள்வழிகள். இரண்டிலும் சிக்னல் வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது: ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்க வேண்டும், இரண்டுக்கும் நடுப்புள்ளி 2.048 வோல்ட்டில் அசையாமல் நிற்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குமேல் நடுப்புள்ளி நகர்ந்தால் கணக்குக்கு நான் பொறுப்பில்லை என்று டேட்டாஷீட்டின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. நான் படித்தது முதல் பக்கத்தை. என் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்தது ஒற்றை வயர். அதை பிளஸில் கொடுத்தேன். மைனஸை என்ன செய்வது? கிரவுண்டில் சேர்த்தேன்.

வேலை செய்தது. ஒரேயடியாகப் படுத்திருந்தால் நானும் தப்பியிருப்பேன்.

என்னிடம் ஒரு பெண் வேலை பார்த்தார். டிப்ளமோ முடித்து வந்தவர், கை சுத்தம், கேள்வி அதிகம். அவர்தான் முதலில் கேட்டார்.

"சார், மைனஸ ஏன் சார் கிரவுண்டுல போட்டிருக்கோம்? டேட்டாஷீட் படத்துல ரெண்டு காலுமே ஏறி இறங்குதே."

"அதெல்லாம் ஹை ஸ்பீடுக்கும்மா. நம்மது 150 ஹெர்ட்ஸ் சிக்னல். நீ சால்டரிங்க பாரு."

ஹை ஸ்பீடுக்கு மட்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது என்பதும், அது நல்ல கேள்வி என்பதும் எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால்தான் குரல் உயர்ந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். மைனஸைத் தரையில் கட்டினால் மாற்றியின் எண் வரிசையில் எதிர்ப்பாதி வீண். 2,62,144 படிகளில் பாதி போயிற்று. அது சின்ன நஷ்டம். நடுப்புள்ளி 2.048இல் நிற்காமல் 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில், அதுவும் சிக்னலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது நஷ்டம். மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. கிரவுண்டு என்று நாம் ஒரு குறி போட்டு வரைகிறோம், போர்டில் எல்லா இடத்திலும் அது பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது செம்புப் பாதை. செம்புக்கும் தடை உண்டு. என் போர்டில் தகவல் அனுப்பும் வயர்லெஸ் மாட்யூல் விழிக்கும்போது 100 மில்லியாம்ப் கேட்கும். அது திரும்பிப்போகும் பாதையில் 10 மில்லியோம் தடை இருந்தால் போதும், ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டுக்கும் மாற்றியின் கிரவுண்டுக்கும் நடுவில் 1 மில்லிவோல்ட் வித்தியாசம். மைனஸ் கால் அந்தத் தரையில் கட்டப்பட்டிருப்பதால் மாற்றி அதையும் இதயமென்று எண்ணிவிடும்.

1 மில்லிவோல்ட்தானே என்று தோன்றும். எலக்ட்ரோடு ஜெல்லே 300 மில்லிவோல்ட் வரை நிலையாகத் தள்ளக்கூடும் என்பதால் ஆம்ப்ளிஃபயரில் 6 மடங்குக்குமேல் பெருக்க முடியவில்லை. அந்த 1 மில்லிவோல்ட்டை 6ஆல் வகுத்துத் தாளில் போட்டால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். துடிப்பின் கூர்முனைக்கு அடுத்து வரும் எஸ்.டி. பகுதி அடுத்தடுத்த லீடுகளில் 1 மில்லிமீட்டர் ஏறி நின்றால் மாரடைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பெரும்பாலான லீடுகளுக்கான விதி. தோலருகே லட்சத்தில் ஒரு பங்கு சுத்தமாகக் கழித்து எடுத்துவந்ததை, மாற்றியின் வாசலில் இப்படிக் கொட்டினேன்.

நடந்தது அதேதான். வயர்லெஸ் விழிக்கும்போதெல்லாம் கோடு படி ஏறும், தூங்கினால் இறங்கும். நான் அந்தப் பெண்ணின் சால்டரிங்கைக் குறை சொன்னேன். அவர் போர்டைத் திரும்பச் செய்தார். படி அப்படியே இருந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். பிறகு கட்டடத்தின் எர்த் சரியில்லை என்றேன். வீட்டுக்காரர் பாவம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செம்மண்ணில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் அடித்தார், அவர் செலவில். என் கருவி பேட்டரியில் ஓடியது. அதற்கும் அந்தக் குழிக்கும் சம்பந்தமே இல்லை. இது எனக்குத் தெரியாமலில்லை. குழி தோண்டும்போது பக்கத்தில் நின்று ஈரம் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எர்த்தும் கைகொடுக்காதபோது புரோகிராமுக்குள் போனேன். 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டும் ஃபில்டர் ஒன்று: படி ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் கோடு தானாகத் தரைக்கு வந்துவிடும். 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்ட ஒரு நாட்ச் ஃபில்டர். மேலே 40 ஹெர்ட்ஸோடு கத்தரி. ஒரே இரவில் திரையில் பாடப்புத்தகப் படம்போல ஒரு இ.சி.ஜி. வந்து நின்றது. அத்தனை அழகு. ஜன்னலுக்கு வெளியே விடிந்திருந்தது. கீழே டீக்கடை திறந்தாயிற்று. அந்தக் காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் கண்டறியும் இ.சி.ஜி.க்குக் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸ், பெரியவர்களுக்கு மேல் எல்லை 150 என்பது அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் சொன்ன பரிந்துரை. 0.5 என்பது ஐ.சி.யூ. மானிட்டர்களில் உண்டு, அங்கே பார்ப்பது துடிப்பின் தாளத்தை. எஸ்.டி. பகுதியைப் பார்க்க வேண்டிய தாளில் அதைப் போட்டால், ஏறி நிற்க வேண்டிய கோட்டை அது கீழே இழுக்கும். இறங்காத இடத்தில் இறங்கியதுபோலக் காட்டும். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன்: "0.5 எல்லா மானிட்டர்லயும் இருக்குங்க." உண்மைதான். அந்த உண்மையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் விஷயம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அதுவரை என் கருவியில் பெட்டி நிஜமானது. 1 மில்லிவோல்ட் உள்ளே போய் முழுப் பாதையையும் கடந்து வரும். புது ஃபில்டருக்குப் பிறகு அது பெட்டியாக இல்லை. 10 மில்லிமீட்டர் ஏறி, ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்வரை சரிந்து, விட்டதும் தரைக்குக் கீழே ஏறக்குறைய அதே அளவு குழி விழுந்தது. கருவி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது, நான் எஸ்.டி.யை என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. பார்த்தேன். புரிந்துகொண்டேன். அந்த மில்லிவோல்ட்டின் வயரை எடுத்துவிட்டு, பெட்டியைப் புரோகிராமில் வரைந்தேன். மூலைகள் 90 டிகிரி.

மைனஸைக் கிரவுண்டில் போட்டது அறியாமை. அதை மன்னிக்கலாம் என்றே நினைக்கிறேன். இது வேறு.

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தார். "காலிபரேஷன் சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டார். "ஆயிடுச்சு," என்றேன். கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுப் போனார். வேறு காரணம் சொன்னார். சால்டரிங் சரியில்லை என்று நான் சொன்னதைக் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. அனுபவச் சான்றிதழில்கூட "கற்றுக்கொள்ளும் ஆர்வம் உடையவர்" என்று எழுதினேன், திறமை என்ற சொல்லைத் தவிர்த்து.

கருவிகள் சில விற்றன. ஒரு கிராமத்து முகாமுக்கு இரண்டைக் கொடுத்து, நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வயதானவர்கள் சட்டையைக் கழற்றிப் படுத்தார்கள். தாள் வந்தது. "நல்லா வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னார். கோடு சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். படுத்திருந்தவர் தன் இதயத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். நான் திருத்தவில்லை.

என் பொய்யைப் பிடித்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு மருத்துவர், ஓய்வு பெற்றவர். கருவியைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டார். பெருமையோடு எடுத்துப்போனேன். தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"காலிபரேஷன் எங்கேருந்து வருது தம்பி?"

"உள்ளேருந்துதான் சார்."

அவரிடம் ஒரு சிமுலேட்டர் இருந்தது, சோப்புப் பெட்டி அளவு. அதிலிருந்து 1 மில்லிவோல்ட் சதுர அலையை என் லீடுகளில் மாட்டினார். தாள் ஓடியது. ஓரத்தில் என் பெட்டி, நிமிர்ந்து. அதற்கு அடுத்து அவருடைய பெட்டிகள், வரிசையாகச் சரிந்து, குழி விழுந்து.

"இது சரிஞ்சிருக்கு. உன்னுது சரியவே இல்ல. ரெண்டுல எது தம்பி உன் மெஷினு?"

கோபமாகச் சொல்லவில்லை. காபி வந்தது. குடித்தேன். வெளியே வந்தபோது கருவியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்ததைத் தெருமுனையில்தான் உணர்ந்தேன். திரும்பிப் போய் எடுக்க முகம் இல்லை.

அதற்குப் பிறகு டேட்டாஷீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். புதுப் போர்டில் ஆம்ப்ளிஃபயருக்கும் மாற்றிக்கும் நடுவே, ஒற்றைச் சிக்னலை வாங்கி எதிரெதிராக இரண்டாகக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று சேர்ந்தது. விலை சில நூறு ரூபாய். நடுப்புள்ளியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு தனிக் கால் உண்டு; அதில் மாற்றியின் ரெஃபரென்ஸில் சரிபாதி. முதல் ஆம்ப்ளிஃபயரின் நடுநிலையும் அதே 2.048தான்; இரண்டுக்கும் தரை ஒன்றே, வயர்லெஸ்ஸின் மின்னோட்டம் போக வேறு பாதை. இரண்டு கால்களிலும் ஒரே மதிப்பில் ரெசிஸ்டர். கால்களுக்கு இடையே ஒரு பெரிய கெப்பாசிட்டர். ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. கிரவுண்டுக்குப் போகிற இரண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபட்டால் பொதுவான இரைச்சல் வித்தியாசமாக உருமாறும். நடுவிலிருக்கும் பெரியவர் அதை அமுக்கிவிடுகிறார். மின்னழுத்தத்துக்கேற்ப மதிப்பு மாறும் மலிவான பீங்கான் கெப்பாசிட்டர்கள் வேண்டாம், சி.0.ஜி. வகைதான் என்பதும் அப்போது கற்றது.

மாற்றி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் உள்ளே ஒரு குட்டிக் கெப்பாசிட்டரை, சில பத்து பிகோஃபாரட், உள்வழியோடு சேர்க்கிறது. அந்தச் சேர்க்கையில் ஒரு உதறல் வெளியே வரும். அடுத்த கணக்குக்குள் அது அடங்கியாக வேண்டும். 18 பிட் துல்லியத்துக்கு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த காலமாறிலியின் 12, 13 மடங்கு நேரம் பிடிக்கும். பழைய போர்டில் ஒரு கால் ரெசிஸ்டருக்குப் பின்னால், மற்றது நேராகத் தரையில். இரண்டு உதறலும் வெவ்வேறு, கழியாது. இரண்டு கால்களும் ஒரேமாதிரி இருந்தால் உதறலும் ஒரேமாதிரி, கழித்தலில் போய்விடும். வயர்லெஸ் விழித்தால் தரை இப்போதும் கொஞ்சம் ஆடுகிறது. ஆடினால் இரண்டு கால்களும் சேர்ந்து ஆடுகின்றன. தாளில் படி இல்லை. ஃபில்டரை 0.05க்கு இறக்கினேன். மூச்சு விடும்போது கோடு லேசாக மேலும் கீழும் போகிறது. முன்புபோல அழகாக இல்லை. வயரை மறுபடி மாட்டி, மில்லிவோல்ட்டை உள்ளே அனுப்பினேன். பெட்டியின் மேல்விளிம்பு சற்றே சாய்ந்திருக்கிறது, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

விற்ற கருவிகளைத் திரும்ப வாங்கினேன். வாங்கும்போது "புது மாடல் வந்திருக்கு, மாத்தித் தர்றோம்" என்றுதான் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்.

முகாம் நடத்தியவரிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை, அங்கே படுத்தவர்களின் பதிவேடு அவரிடம் இருந்ததால். நேரில் போய், அன்று எடுத்த தாள்களில் எஸ்.டி. பகுதியை நம்ப வேண்டாம், எல்லோருக்கும் வேறு கருவியில் மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். அவர் பதிவேட்டை எடுத்து, பெயர்களுக்கு எதிரே இருந்த போன் நம்பர்களில் கூப்பிட ஆரம்பித்தார். சில நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. நடுவில் ஒருமுறை போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அன்னிக்கே தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பிற்பாடுதான் தெரிஞ்சுது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினார். இந்தப் பக்கங்களின் நகல் ஒன்றை அவருக்கும், இன்னொன்றை இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கும் அனுப்புகிறேன். சான்றிதழை வேறு மாதிரி எழுதி அதனோடு வைத்திருக்கிறேன்.